சீசரைக் கொடுக்கப் போய் சைக்கிளில் பூட்டிய கதை

இந்த மாசியில் நான் திருகோணமலைக்குப் போனது நாயோட்டம் பழக அல்ல, நாயைக் கொடுத்துவிட்டு வர.

வவுனியாவில் எனக்கு ஹாட்வெயார் கடை. கடைக் காவலுக்கு வளர்த்த ஊர் நாய்தான் சீசர். இரண்டு வயது, அகன்ற நெஞ்சு. சங்கிலியைப் பிடித்தால் லொறி இழுப்பதுபோல இழுக்கும். தை மாதம் என் மனைவி ரஞ்சினியை வாசலிலிருந்து மதகு வரை இழுத்துக்கொண்டு போய் விழுத்திவிட்டது. தோள் பிசகி, மூன்று கிழமை கையைக் கட்டித் தொங்கப் போட்டிருந்தார். கட்டை அவிழ்த்த அன்று, "ஒண்டில் அது இந்த வீட்டில நிக்கட்டும், இல்லாட்டி நான் நிக்கிறன்" என்றார். திருகோணமலைக்குத் தெற்கே கிளிவெட்டியில் என் நண்பர் யோகன் நெற்களத்துக் காவலுக்கு நாய் கேட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருவதாகச் சொல்லிவிட்டேன்.

வெள்ளி காலை ஐந்து மணிக்குச் சீசரையும் லொறியில் ஏற்றிக்கொண்டு ஹொரவப்பொத்தானை வழியாகப் புறப்பட்டேன். நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. பாதை நல்லது, ஆனால் விடியுமுன் யானை நிற்கும், மெதுவாகப் போங்கள். துறைமுகப் பக்கம் இரும்புச் சாமான் ஏற்றும் வேலை இருந்தது. அது முடிந்ததும் லொறியின் கிழிந்த இருக்கையைத் தைக்கக் கொடுத்தேன். அந்தத் தையல் கடை தர்சினி என்பவருடையது. நாற்பது வயதிருக்கும், அளவாகத்தான் கதைப்பார். இருக்கையைக் கழற்றும் நேரம் சீசரைக் கடை வாசலில் நின்ற கைவண்டியில் கட்டினேன். திரும்பிப் பார்த்தால் கைவண்டி கடற்கரைப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.

தர்சினி சிரிக்கவில்லை. நாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடுக்கப் போகும் விசயத்தைச் சொன்னேன்.

"விசர் வேலை அண்ணை. இழுக்கிற நாயை இழுக்க விடுறதை விட்டிட்டு, களத்தில கட்டிப் போடப் போறியளோ?"

அவரிடமும் இரண்டு ஊர் நாய்கள். பனி நாட்டுக்காரர் பனி இல்லாத மாதங்களில் நாயைச் சைக்கிளில் பூட்டி ஓட்டுவதை வீடியோவில் பார்த்து, இரண்டு வருடமாகத் தானே பழக்கியிருக்கிறார். நாய்க்குப் போடும் வாரைப் பழைய கார்களின் சீற் பெல்ற்றில் தைக்கிறார். நான் சாமான் விற்பவன், தையலைத் திருப்பிப் பார்க்காமல் விடமாட்டேன். குறை சொல்ல ஏலவில்லை. கழுத்தைத் தொடாமல், பாரம் நெஞ்சிலும் தோளிலும் விழும்படி, சீசரை அளந்து ஒரு மணித்தியாலத்தில் தைத்து முடித்தார். விலை மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். நான் பேரம் பேசாமல் கொடுத்த பணம் அபூர்வம், அதில் இது ஒன்று.

நாளைக்கு ஓட்டிப் பார்ப்போம் என்றார். ஞாயிறுக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. உப்புவெளியில் நாயை விடும் ஒரு அறையை நாலாயிரத்து ஐந்நூறுக்குப் பிடித்துத் தங்கினேன்.

சனி விடிய தர்சினியையும் இரண்டு சைக்கிளையும் லொறியில் ஏற்றிக்கொண்டு தம்பலகாமத்துக்குப் போனோம். கண்டி வீதியில் இருபத்தைந்து கிலோமீற்றர் அளவில், வாய்க்கால் ஓரமாக, செம்மண் சரளை போட்ட ஒரு கிறவல் பாதை. வந்ததும் தர்சினி இறங்கவில்லை. முதல் உழவு இயந்திரம் போகட்டும் என்றார். அது போனால் பாதையில் யானை இல்லை என்று அர்த்தம். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சீசரை ஒரு பழைய மோட்டார் சைக்கிள் ரயரை இழுக்க விட்டு, பின்னால் சத்தத்தோடு பாரம் வருவதைப் பழக்கினார். பயப்படவில்லை. அதன் பிறகுதான் சைக்கிள். கயிற்றின் நடுவே குலுக்கம் தாங்க ரியூப் துண்டு. கயிறு முன்சில்லில் சிக்காமலிருக்க, கைபிடியிலிருந்து முன்னால் நீட்டிய பிளாஸ்ரிக் குழாய்.

இளவயதில் நான் வண்டிச் சவாரியில் மாடு ஓட்டியவன். பூட்டியது ஓட வேண்டுமென்றால் பின்னால் இருப்பவன் கத்த வேண்டும் என்பதே எனக்குத் தெரிந்த பாடம். சீசர் கிளம்பியதும் முழுக் குரலில் "ஹெய் ஹெய்" என்று விரட்டினேன். அது ஓட்டத்தை நிறுத்தி, என்ன என்று கேட்பதுபோல என்னிடம் திரும்பி வந்தது. குழாயைச் சுற்றிக் கயிறு பின்னி, நானும் சைக்கிளும் வாய்க்கால் சேற்றில். இரண்டாம் தடவை இன்னும் பலமாகக் கத்தினேன், இன்னும் வேகமாகத் திரும்பியது.

முழங்கை உரிந்து இரத்தம். போதும், நாளைக்குக் கிளிவெட்டிதான் என்றேன்.

தர்சினி தன் சைக்கிளை எடுத்தார். "அண்ணை, நீங்கள் மாடு ஓட்டுறியள். மாடு சத்தத்துக்கு ஓடும். நாய்க்கு எசமானின்ர சத்தம் கேட்டா, அவரிட்ட வாறதுதான் தெரியும். நான் முன்னால போறன். நீங்கள் பிறேக்கைப் பிடிச்சுக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வாங்கோ."

கடையில் ஏழு பேரைக் கத்தி வேலை வாங்குபவனுக்கு அது லேசில்லை. பல்லைக் கடித்துக்கொண்டேன். தர்சினி மிதித்துப் போனார். சீசர் ஒரு கணம் காதை என் பக்கம் திருப்பியது. நான் மூச்சுக்கூட விடவில்லை. பிறகு தலையைத் தாழ்த்தி, முதுகை நீட்டி இழுத்தது பாருங்கள்! கயிறு இறுகி, மிதிக்காமலே சைக்கிள் பறந்தது. வயலில் நின்ற கொக்குகள் எழும்பின. நெல் வெட்ட வந்தவர்கள் வேலையை விட்டுப் பார்த்தார்கள். இரண்டு வருடமாகச் சங்கிலியில் கட்டி நான் ஏசிய பலம் இதுதான். ஒரு கிலோமீற்றரில் நிறுத்தினோம். சீசர் நாக்கைத் தொங்கப் போட்டு, கயிற்றை இழுக்காமல் என் காலடியில் படுத்தது.

அங்கிருந்தே யோகனுக்குப் போன் எடுத்தேன். களத்துக்கு ஆர் காவல் என்று முறைப்பட்டார். கொள்விலைக்கு இரண்டு சுருள் முட்கம்பி தருவதாகச் சொல்லித் தப்பினேன். ரஞ்சினிக்கு எடுக்கத்தான் பயம்.

"குடுத்திட்டியளோ?"

"இல்லை. அதுக்கு ஒரு வேலை பாத்திட்டன்."

"என்ர கையில மட்டும் கயிறைத் தராதேங்கோ" என்று வைத்துவிட்டார்.

தொடங்க நினைப்பவர்களுக்கு: ஒன்றரை வயதுக்குக் குறைந்த நாயைப் பூட்டாதீர்கள். வெயில் ஏறுமுன் முடியுங்கள்; உள்ளங்கையை நிலத்தில் வைத்து உங்களால் தாங்க ஏலாவிட்டால் அதன் பாதத்துக்கும் ஏலாது. தார் வேண்டாம், கிறவல் நல்லது. ஓட்டத்துக்கு முன் சாப்பாடு கொடுக்காதீர்கள், தண்ணீர் கொடுங்கள். சைக்கிளில் எதை மிச்சம் பிடித்தாலும் பிறேக்கிலும் ஹெல்மெற்றிலும் பிடிக்காதீர்கள். திருகோணமலை நகருக்குள் முயலவே வேண்டாம், வீதியில் மான்கள் திரியும். வாரைப் போட்டால் இழுவை, கழற்றிக் கழுத்துப்பட்டியைப் போட்டால் நடை. இரண்டையும் கலக்காவிட்டால் நாய் ஒரு மாதத்தில் விளங்கிக்கொள்ளும்.

பழக்கும் காலத்தில் முன்னால் போக ஓர் ஆளும் வேண்டும். வவுனியாவில் எனக்கு அதற்கு ஆள் இல்லை. முதல் கிழமை சீசர் பத்து யார் தூரம் ஓடும், திரும்பும். வாசலில் நின்று நாலு நாள் பார்த்த ரஞ்சினி, ஐந்தாம் நாள் தன் ஸ்கூட்டியை வெளியே எடுத்தார். ஒன்றும் சொல்லாமல் எங்களைக் கடந்து குளக்கட்டுப் பாதையில் ஏறினார். சீசர் தலையைத் தாழ்த்தியது. எனக்கு "ஹெய்" தொண்டை வரை வந்துவிட்டது.

"கத்தாதேங்கோ" என்றார், திரும்பிப் பார்க்காமலே.