மன்னருக்கு எதிராக இருபது தாள்கள்

பத்து வயதில் எனக்கு அரசியல் பண்ணத் தெரிந்திருந்தது. எங்கே பண்ணக்கூடாது என்பதுதான் தெரியவில்லை.

வளைகுடா நாட்டில், அல் குசைஸ் என்ற பகுதியில் குடியிருந்தோம். பள்ளியில் பிரிட்டிஷ் பாடத்திட்டம். பல நூறு வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த போரைப் பற்றிப் பாடம் நடத்திய ஆசிரியை, அந்தக் காலத்து ஆளாகவே மாறி ஒரு துண்டறிக்கை எழுதி வரச் சொன்னார். நான் நாடாளுமன்றத்தின் கட்சி. 'மன்னருக்கு வரி கட்டாதீர்கள், அவர் ஆட்டம் முடிந்தது' என்று ஆங்கிலத்தில் எழுதி, கிரீடம் வரைந்து, குறுக்கே சிவப்பாக அடித்தேன். எந்த நாடு, எந்த மன்னர் என்று எழுதவில்லை. அச்சிட்ட இடம் கீழே இருக்க வேண்டுமாம். எங்கள் பிளாட் நம்பரைப் பொறுப்பாகப் போட்டேன்.

துண்டறிக்கை என்றால் ஊருக்குப் போய்ச் சேர வேண்டாமா? வீட்டு பிரிண்டரில் இருபது எடுத்தேன். பிரியாணிக் கடைக்காரர்கள் மெனு கார்டைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போவார்களே, அதே மாதிரி வெள்ளிக்கிழமை மத்தியானம் மாடி மாடியாகப் பத்தொன்பதைச் செருகினேன். ஒன்று ஆசிரியைக்காக என் பைக்குள் இருந்தது.

எதிர் வீட்டு மாமா ஒன்றைக் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினார். அப்பாவின் முகம் வெளிறிப்போனது.

"இது யாரு ஊருன்னு நெனச்சே? ஷேக்கு ஆளுற ஊருடீ! விசாவ கேன்சல் பண்ணி பிளைட்டுல ஏத்தி விட்டுருவாங்க! எத்தன போட்ட?"

"இருபது."

பனியனோடு படியேறி ஓடினார். "ஹோம்ஒர்க் பாய், ஹோம்ஒர்க்" என்று வீடு வீடாகக் கெஞ்சும் குரல் கீழே வரை கேட்டது. திரும்பி வந்து மூன்று முறை எண்ணினார்.

"ஒண்ணு கொறையுது," என்றார் அம்மாவிடம்.

என் பையில் இருப்பதைச் சொன்னால் அதையும் கிழித்துவிடுவார், மார்க் போய்விடும். நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு காலிங்பெல் அடித்தால் அப்பா எழுந்து நிற்பார், திறக்கப் போகமாட்டார். அம்மா பாஸ்போர்ட்டுகளையும் சர்டிபிகேட்டுகளையும் ஒரு பையில் போட்டுக் கதவருகே வைத்தாள். பெரியவர்கள் பயந்து நான் பார்த்ததில்லை. நாள் ஆக ஆக, சொல்லும் துணிச்சலும் போய்விட்டது.

மூன்று வாரம் கழித்துப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். என் துண்டறிக்கை முழு மார்க்கோடு வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்தது. இதைப் பார்த்தாலாவது அப்பா சிரிப்பார் என்று கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினேன்.

கீழே இருந்த பிளாட் நம்பரை அவர் விரலால் தடவிப் பார்த்து, "இருபது" என்று முணுமுணுத்தார். பிறகு குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். முழு மார்க் வாங்கியதற்கு யாராவது இப்படி அழுவார்களா என்று எனக்கு வெட்கமாக இருந்தது.