பெட்ரோல் குடிக்காத காரும் சிவப்பிரகாசமும்

மரைன் ஹில்லில் காண்டிராக்டர் சிவப்பிரகாசத்தைத் தெரியாதவர்கள் குறைவு. நடைபாதையோ சாக்கடையோ சுற்றுச்சுவரோ, எதைக் கட்டினாலும் ஓரத்தில் தன் பெயரைக் கல்லில் பொறித்து வைத்துவிடுவார். சில இடங்களில் சுவர் போய்விட்டது, கல் மட்டும் நிற்கிறது. பரமக்குடிப் பக்கத்திலிருந்து இளவயதில் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்து, மணல் சுமந்து, மேஸ்திரியாகி, காண்டிராக்டர் ஆனவர். வசதி வந்தது, மாடி வீடு வந்தது, தமிழ் வணிகர் நற்பணி மன்றத்தில் துணைத் தலைவர் பதவியும் வந்தது. தலைவர் பதவிதான் வருவேனா என்றது.

அப்போதுதான் மனைவியின் தம்பி பெரியதம்பி ஒரு சேதியோடு வந்தான். சென்னையில் ஒரு டாக்டர் வெளிநாடு போகிறார், காரை விற்கிறார். மின்சாரத்திலும் ஓடும், பெட்ரோலிலும் ஓடும். வீட்டிலேயே பிளக்கைச் செருகி சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். சார்ஜ் தீர்ந்தாலோ, மேட்டில் அழுத்தி மிதித்தாலோ, கார் தானாகவே பெட்ரோல் இன்ஜினை எழுப்பிக்கொள்ளும்.

"நம்மகிட்ட ஒரு வார்த்தை கேக்காதா?"

"கேக்காது மச்சான். அதுவே முடிவு பண்ணிக்கும்."

"அது எப்படிடா? காசு குடுக்கறவன் நான்ல!"

இருந்தாலும் வாங்கினார். கார் கப்பலில் வந்து இறங்கியது. முதல் சவாரியாக ஃபீனிக்ஸ் பே பகுதியில் ஷாநவாஸ் பாயின் மளிகைக் கடைக்குப் போனார். வாசலில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த ஷாநவாஸ், முதுகுக்குப் பின்னால் கார் வந்து நிற்பதைப் பார்த்துத் துள்ளி விழுந்தார்.

"அரே அண்ணே, பில்குல் சத்தமே இல்ல! பேய் மாதிரில்ல வந்து நிக்கிறீங்க!"

சிவப்பிரகாசத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பெட்ரோலே குடிக்காது பாய். சுத்தமான வண்டி. காத்துக்குக் கெடுதலே கிடையாது" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அதைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

மின்சாரத்தில் ஓடும்போது காரின் திரையில் ஒரு பச்சை இலை தெரியும். இன்ஜின் எழுந்தால் இலை மறைந்துவிடும். அன்று முதல் சிவப்பிரகாசம் அந்த இலைக்காகவே வாழ்ந்தார். மரைன் ஹில் ஏற்றத்தில் பூனை போலக் கால் வைத்து ஏறுவார். பின்னால் ஆட்டோக்கள் வரிசை கட்டி ஹார்ன் அடிக்கும். ஏசி போட்டால் சார்ஜ் சீக்கிரம் தீரும் என்று அதையும் போடமாட்டார். கல்யாண வீட்டுக்குப் பட்டுச்சேலை கட்டிப் புறப்பட்ட அவர் மனைவி வசந்தகுமாரி, குளித்துவிட்டுத் துவட்டாதவளைப் போலப் போய் இறங்குவாள்.

"என்னங்க, நடந்து போயிருந்தா இந்நேரம் சாப்பிட்டுக் கை கழுவியிருக்கலாம்."

"சும்மா இரு. இலை இருக்கு பாரு."

"அந்த இலையிலயா சோறு போடப் போறாங்க?"

சிவப்பிரகாசம் இலையையே பார்த்து ஓட்டினார். பேசினால் கால் அழுந்திவிடும் என்ற பயம்.

மழைக்காலம் வந்தது. அடிக்கடி லைட் போனது. சார்ஜ் இல்லாமல் காரை எடுத்தால் இன்ஜின் எழுந்துவிடும், நாலு பேர் காதில் விழும். யோசித்துப் பார்த்தார். கட்டட வேலைக்கு வைத்திருந்த பெரிய டீசல் ஜெனரேட்டரை வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து இறக்கினார். லைட் போகும்போதெல்லாம் அது கரும்புகையைக் கக்கிக்கொண்டு உறுமும். பக்கத்தில் கார் பிளக்கைக் கவ்விக்கொண்டு சாதுவாக நிற்கும்.

"டீசலை எரிச்சு கரண்ட் எடுத்து, பெட்ரோலை மிச்சம் புடிக்கிறீங்க. இதுல காத்துக்கு என்ன நல்லது நடந்துச்சு?" என்றாள் வசந்தகுமாரி.

"ஜெனரேட்டர் வேற டிபார்ட்மென்ட். கார் சுத்தமா இருக்கா இல்லையா?"

பக்கத்து வீட்டு விஜயலட்சுமி டீச்சர், கொடியில் காய்ந்த வெள்ளைப் புடவை சாம்பல் நிறமானதைக் கையில் பிடித்தபடி வந்து நின்றாள். "உங்க சத்தமில்லாத காரால எங்க காதே போச்சு சார்." சிவப்பிரகாசம் அவளுக்குக் காற்று மாசு பற்றி விளக்கமாக எடுத்துச் சொல்லி அனுப்பினார்.

இப்படிப் புகழ் பரவியதில், மன்றத்தின் சார்பில் சுற்றுச்சூழல் நாளுக்கு ஒரு மௌன ஊர்வலம் ஏற்பாடானது. மின்னி பே பகுதியில் தொடங்கி ஃபீனிக்ஸ் பே வரை. ஹார்ன் கூடாது, இன்ஜின் கூடாது. சைக்கிளும் நடையும் மட்டும். எல்லாருக்கும் முன்னால் சிவப்பிரகாசத்தின் கார். பின்சீட்டில் சிறப்பு விருந்தினர் ஷீலா, மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த அதிகாரி. 'முன்னால் போகும் காரைத் தொடர்ந்து வரவும், வேறு எங்கும் திரும்பக் கூடாது' என்று எல்லாருக்கும் கண்டிப்பாகச் சொல்லப்பட்டிருந்தது.

சில வாரங்களாகவே காரின் திரையில் ஆங்கிலத்தில் ஏதோ அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. ஆபீஸ்களிலிருந்து வரும் நோட்டீஸ்களை எப்படிக் கவனிப்பாரோ அப்படியே அதையும் கவனித்தார் சிவப்பிரகாசம். 'ஓகே'வை அழுத்திவிட்டு வேலையைப் பார்த்தார்.

ஊர்வலம் புறப்பட்டது. கடற்கரையோரச் சமதளச் சாலை. சார்ஜ் நிறைய இருந்தது. கால் இறகு போல இருந்தது. அப்படியிருந்தும் நடுவழியில் முன்பக்கம் ஒரு குலுக்கல், தொடர்ந்து ஓர் உறுமல். இலை மறைந்துவிட்டது.

சிவப்பிரகாசம் காலை எடுத்தார். உறுமல் நிற்கவில்லை. விருந்தினருக்காகப் போட்டிருந்த ஏசியை அணைத்தார். நிற்கவில்லை. காரையே நிறுத்தி, அணைத்து, மறுபடி கிளப்பினார். முன்பைவிடத் தெம்பாக எழுந்தது. ஜன்னலை இறக்கி, ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்த பெரியதம்பியைக் கூப்பிட்டார்.

"டேய், ஸ்டார்ட் பண்ணிட்டுப் பக்கத்துலயே வா. சத்தம் உன்னுதா இருக்கட்டும்."

பெரியதம்பி ஸ்டார்ட் செய்தான். தொண்டர்கள் ஓடிவந்து, "பந்த் கரோ, நிறுத்துய்யா! மௌன ஊர்வலம்னா புரியாதா?" என்று அவனைப் பிடித்துக்கொண்டார்கள். ஸ்கூட்டர் அணைந்தது. அடங்கிய அந்த அமைதியில் காரின் சத்தம் மட்டும் கணீரென்று கேட்டது.

"இன்ஜின் ஓடுது போலிருக்கே?" என்றார் ஷீலா.

"இல்ல மேடம். கடல் சத்தம்."

ஷீலா வெளியே பார்த்தார். கடல் தட்டில் ஊற்றிய பால் போல அசையாமல் கிடந்தது.

"பெட்ரோல்ல ஓட்டி ரொம்ப நாளாச்சோ?"

"ஓட்டினதே இல்ல மேடம்!" அந்த நிலையிலும் அவர் குரலில் பெருமை எட்டிப் பார்த்தது.

"அப்போ அதுதான். டேங்க்ல பெட்ரோல் ரொம்ப நாள் கிடந்தா கெட்டுப்போகும். அதனால வண்டியே இன்ஜினைப் போட்டு எரிச்சுத் தீர்க்கும். எங்க தங்கச்சி வண்டியிலயும் இப்படித்தான் ஆச்சு. புதுப் பெட்ரோல் ஊத்தினாத்தான் அடங்கிச்சு."

சிவப்பிரகாசம் சாலையின் இருபுறமும் பார்த்தார். ஃபீனிக்ஸ் பேயில் மேடை, மைக், பத்திரிகைக்காரர்கள். உறுமிக்கொண்டே அங்கே போய் நிற்பதா? அப்போது இடதுபுறம் ஒரு பெட்ரோல் பங்க் தெரிந்தது. ஒரு நிமிட வேலை, ஊற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்று வண்டியைச் சட்டென்று உள்ளே திருப்பினார்.

ஊர்வலமும் திரும்பியது. 'தூய காற்று நம் உரிமை' என்ற பதாகை முதலில் நுழைந்தது. பின்னால் சைக்கிள்கள், மன்ற உறுப்பினர்கள், மரவேடம் போட்ட குழந்தைகள். எல்லாரும் வாய் திறக்காமல் காரைச் சூழ்ந்து, பெட்ரோல் ஊற்றுவதை மரியாதையோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரோ படம் எடுத்தார்கள். ஷீலா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மறுநாள் படம் பத்திரிகையில் வந்தது. பங்க் முதலாளி அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டினார். சிவப்பிரகாசம் கொஞ்ச நாள் வெளியே தலைகாட்டவில்லை. ஜெனரேட்டர் மட்டும் சத்தமில்லாமல் வேலைத்தளத்துக்குத் திரும்பிப் போனது.

மன்றக் கூட்டத்துக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. எழுந்து தொண்டையைச் செருமினார். "கரண்ட்டே போதும்னு இருந்தா பெட்ரோல் கெட்டுப்போகுது. பெட்ரோலே கதின்னா கரண்ட் வீணாகுது. எது எப்போ வேணுமோ அப்போ அதை எடுத்துக்கணும். இதைத்தான் அன்னிக்கு எல்லாருக்கும் நேர்லயே காட்டினேன்" என்றார்.

மன்றத்தில் நெடுநாளாக ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த இரண்டு கோஷ்டியினரும், இவர் நம்மைத்தான் ஆதரித்துப் பேசுகிறார் என்று கை தட்டினார்கள். அடுத்த தேர்தலில் சிவப்பிரகாசம் போட்டியின்றித் தலைவரானார்.

பதவியேற்று வீடு திரும்பும்போது மாலை கழுத்தில் இருந்தது. ஏற்றம் வந்ததும் காலை நன்றாக அழுத்தினார். இன்ஜின் எழுந்தது, கார் சிட்டாகப் பறந்தது. ஏசி குளிரில் வசந்தகுமாரி கண்ணயர்ந்துவிட்டாள். வீட்டு வாசலில் நிறுத்தியவர், அவளை எழுப்ப மனம் வராமல், காரை அணைக்காமலே உட்கார்ந்திருந்தார்.