பொன் தேய்ந்த மெழுகுதிரித் தாங்கி

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் என் கடைக்கு வரும் அந்தப் பாண்டிச்சேரிக்காரர், பழைய பிரெஞ்சு வெண்கலச் சாமான்களைப் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மெலிந்த மனிதர். பேசும்போதுகூடக் கைக்குட்டையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

மகளின் கல்யாணத்துக்காகப் பழைய சாமான் சந்தையில் வாங்கிய, கிளைகள் விரிந்த மெழுகுதிரித் தாங்கியை அவரிடம் காட்டினேன். பொன் பூச்சு பல இடங்களில் தேய்ந்திருந்தது.

"ஐயா, இதுக்குப் புதுசாப் பொன் பூசித் தருவியளோ?"

"வேணாம் சார். அந்தக் காலத்துல பொன்னைப் பாதரசத்துல கரைச்சுப் பூசி, நெருப்புல காட்டுவாங்க. அந்தப் புகையிலயே கை நடுங்கி, பல்லு கொட்டி, சின்ன வயசுலயே செத்துப் போனாங்க. மிச்சமிருக்கிறது அவங்க பூசினது. அதை மூடச் சொல்றீங்களா?"

மனைவிக்குக் கோபம். "சபையிலை இதை எப்பிடியப்பா வைக்கிறது?" என்றாள். ஆனாலும், அவர் சவர்க்காரத் தண்ணீரில் பக்குவமாகக் கழுவித் தந்ததை அப்படியே மணவறைக்குப் பக்கத்தில் வைத்தோம்.

கல்யாணத்தன்று எல்லோரும் மணமக்களை வாழ்த்த வரிசையில் நின்றார்கள். அவர் மட்டும் முதலில் அந்தத் தாங்கிக்கு முன்னால் போய்க் கைகூப்பி நின்றார். யாரைக் கும்பிடுகிறார் என்று மகள் பிரெஞ்சில் கேட்டாள். சொல்வதற்கு எனக்கு ஒரு பெயரும் தெரியவில்லை.