மடியில் கிடந்த நாதஸ்வரம்

விதிமுறைகளோடே வாழ்ந்து ஓய்வுபெற்ற அரசாங்க ஊழியன் நான். எங்கள் ஊரான லூனாஸில் மகள் கல்யாணத்தையும் அப்படியே நடத்தினேன். வீடியோவில் பிசிறு வரக்கூடாது. அதனால் கெட்டிமேளம் ஸ்பீக்கரில் ஓடும். மேளக்காரர்கள் வாசிப்பதுபோல் நடித்தால் போதும், இரட்டைச் சம்பளம்.

“நடிக்க வேற ஆளப் பாருங்க சார்,” என்றார் நாதஸ்வரக்காரர்.

“அண்ணே, டபுள் காசுலா. எனக்குப் புள்ளைங்க இருக்கு,” என்று கெஞ்சினார் தவில்காரர்.

தவில்காரருக்காக நாதஸ்வரக்காரர் மேடையேறினார். ஆனால் ஸ்பீக்கர் முழங்கியபோது நாதஸ்வரம் மடியிலேயே கிடந்தது. என்னையே பார்த்தார். மாப்பிள்ளை கையில் தாலி. அந்த நேரத்தில் மேளம் நின்றால் அபசகுனம். எந்தச் சுற்றறிக்கையிலும் இதற்கு வழியில்லை. ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினேன்.

நாதஸ்வரம் எழுந்தது, தவில் அதிர்ந்தது, தாலி ஏறியது.

பிறகு நடிப்பதற்கான பாதிச் சம்பளத்தை நாதஸ்வரக்காரர் திருப்பித் தந்தார். தவில்காரர் தரவில்லை, அதிலும் நியாயம் இருந்தது.

வீடியோவில் அந்த இடத்தில் பிசிறு இருக்கிறது. அதை மட்டும்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.