மணமாகாதவர்

பள்ளிக்கூடத்தில் கொடுத்த தாளை மகள் என் தையல் மிஷின் மேல் கொண்டுவந்து வைத்தாள். ஏற்காட்டுக்கு வெளியே பழைய எஸ்டேட் பங்களா ஒன்றில் இருக்கும் ராணுவ அருங்காட்சியகத்தில், ஞாயிற்றுக்கிழமை போர்வீரர் நினைவு நாள். குழந்தைகளோடு குடும்பமாக வரலாம். ஹெல்மெட் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளலாம், காகிதத்தில் மலர்வளையம் செய்யலாம், எல்லையில் இருக்கும் வீரருக்குக் கடிதம் எழுதலாம் என்றெல்லாம் அச்சடித்திருந்தார்கள். கேசரியும் டீயும் உண்டு.

"அப்பா போட்டோ அங்கதானம்மா இருக்குது?" என்று கேட்டாள்.

அங்கேதான் இருந்தது. லாட்ஜில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுப் பெண் ஒருமுறை பார்த்துவிட்டு வந்து சொல்லியிருந்தாள். அதை மாட்டி நாலு வருஷம் ஆகியும் நான் போனதில்லை.

மகளின் அப்பா எல்லையில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இறந்தபோது அவள் என் வயிற்றில் ஐந்து மாதம். லீவில் வந்த நாட்களையெல்லாம் கூட்டினாலும் நான் அவரோடு வாழ்ந்தது மூன்று மாதம் தேறாது. செம்மநத்தத்தில் என் மாமனார் வீட்டில்தான் பிள்ளை பிறந்தாள். மூன்று வயது வரை அவருடைய தோளை விட்டு இறங்கவில்லை. மிளகு பறிக்கப் போனாலும் அவளைத் தூக்கிக்கொண்டுதான் போவார்.

பிறகு எனக்கு ஜீப் ஓட்டும் ஒருவரைப் பிடித்துப்போனது. அவர் சேலத்துக்காரர், கிறிஸ்தவர். விஷயம் தெரிந்தபோது மாமனார் சத்தம் போடவில்லை. நீ போய்க்கொள், பிள்ளையை மட்டும் விட்டுவிட்டுப் போ என்றார். மறுநாள் காலை அவர் தோட்டத்துக்குப் போன நேரம் பார்த்து நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அதற்குப் பின் அந்த வீட்டிலிருந்து ஒரே ஒரு தடவைதான் ஆள் வந்தது. மாமியார் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார், பேத்தியைக் கண்ணில் காட்டச் சொன்னார்கள் என்று. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று ஒன்பது நாள் தள்ளினேன். பத்தாம் நாள் அவர் போய்விட்டதாகச் செய்தி வந்தது. அதற்கும் நான் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் கணவர் எங்களை வாசலில் இறக்கிவிட்டார். உள்ளே வரச் சொன்னேன். "அவளோட அப்பனைப் பாக்கப் போறா. நான் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போனார்.

புல்வெளியில் நல்ல கூட்டம். மணல் மூட்டை அடுக்கிப் பதுங்குகுழி மாதிரி செய்திருந்தார்கள். பிள்ளைகள் அதற்குள் குதித்து வாயாலேயே சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பழைய பீரங்கியின் மேல் கைக்குழந்தையை உட்காரவைத்து ஒருவர் படம் எடுத்தார். சாரல் விழுந்து காகிதப் பூக்களின் சாயம் பிள்ளைகளின் கையில் ஒட்டியிருந்தது.

நாற்காலிகளின் முதல் வரிசையில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மாமனார் உட்கார்ந்திருந்தார். அவர் வருவார் என்று நான் யோசித்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். பிறகு மேடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏழு வருஷத்தில் உடம்பு பாதியாகியிருந்தது. மகளுக்கு அவரைத் தெரியவில்லை.

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு கேள்வித்தாளும் பென்சிலும் கொடுத்தார்கள். கூடத்தில் படமாக மாட்டியிருக்கும் வீரர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, படத்துக்குக் கீழே உள்ளதைப் படித்துப் பதில் எழுத வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் பரிசு. மகள் முன்னால் ஓடினாள். நான் போய்ச் சேருவதற்குள் அவள் படத்தைக் கண்டுபிடித்து ஊரையும் படைப்பிரிவையும் எழுதி முடித்திருந்தாள். நாலாவது கேள்வி, வீரரின் குடும்பத்தில் யார் யார் என்பது.

"அம்மா, மணமாகாதவர்னா கல்யாணம் ஆகாதவருன்னுதானே அர்த்தம்?"

நான் குனிந்து படித்தேன். தாய், தந்தை. மணமாகாதவர். அவ்வளவுதான் எழுதியிருந்தது.

"இதுல நாம இல்லையேம்மா."

தப்பாக எழுதிவிட்டார்கள், கேட்டுவிட்டு வருகிறேன் என்று அவளை அங்கேயே நிற்கச் சொன்னேன்.

பொறுப்பாளர் ஓய்வுபெற்ற சுபேதார், மரியாதையானவர். நான் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றார். ஒரு ஃபைலை எடுத்துக் காட்டினார். விவரங்கள் அனைத்தும் மாமனார் வந்து சொன்னவை, கீழே அவருடைய கையெழுத்து. கல்யாணப் பத்திரமும் ராணுவத்திலிருந்து வந்த தாள்களும் இருந்தால் கொண்டுவாருங்கள், உடனே மாற்றிவிடலாம் என்றார். சற்றுத் தயங்கி, இன்றைக்குப் பெரியவரை மேடையேற்றப் போகிறோம், இன்று மட்டும் வேண்டாமே என்றும் சொன்னார்.

நான் மாமனார் அருகில் போய் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை. நானாகப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க மாமா, இப்படி எழுதிக் குடுத்துட்டீங்களே" என்றேன்.

அவர் மேடையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவ வாசலையே பாத்துட்டுக் கெடந்தா. ஆள் உட்டேன். நீ கூட்டியாரல."

"பயந்துட்டேனுங்க. வந்தா பிள்ளையை வெச்சுக்குவீங்கன்னு பயந்துட்டேன்."

"வெச்சுட்டுத்தான் இருப்பேன்" என்றார்.

வெச்சுக்க மாட்டேன் என்று அவர் பொய் சொல்லியிருந்தால், அவரைக் குறை சொல்ல எனக்கு ஏதாவது இருந்திருக்கும்.

அதற்குள் மகள் கேள்வித்தாளோடு வந்துவிட்டாள். ஐந்தாவது கேள்வி, வீரரின் குடும்பத்தார் ஒருவரைச் சந்தித்து அவரைப் பற்றி ஒன்று கேட்டு எழுத வேண்டும். உன் வீரரின் அப்பா இவர்தான் என்று அங்கிருந்த டீச்சர் கையைக் காட்டி அனுப்பியிருக்கிறார். அவள் நேரே அவர் முன்னால் போய் நின்றாள். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"தாத்தா, எங்கப்பாவுக்குக் கல்யாணம் ஆச்சுதானுங்களே?"

அவருடைய கை மடியிலிருந்து எழுந்தது. அவள் தலையைத் தொடப்போகிறார் என்றுதான் நினைத்தேன். பாதியிலேயே கை கீழே போய்விட்டது.

"எம் மவனுக்குக் கல்யாணம் ஆகலீங் கண்ணு" என்றார்.

அவ்வளவு மெதுவாக, அவ்வளவு பிரியமாகச் சொன்னார். மகள் நாற்காலிக் கையின் மேல் தாளை வைத்து, அதை அப்படியே எழுதினாள். நான் தடுத்திருக்கலாம். எங்கள் இரண்டு பேரில் ஒருவரைப் பொய்யர் ஆக்காமல் என்ன சொல்லித் தடுப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மேடையில் அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். ஒரே மகனை நாட்டுக்குத் தந்தவர் என்று மைக்கில் சொன்னபோது எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள், நானும் தட்டினேன். பிறகு இரண்டு நிமிட மௌனம். அது முடிந்ததும் பரிசு. மகளின் பதில்கள் அனைத்தும் சரி என்று ஒரு பென்சில் பெட்டி கொடுத்தார்கள். அவள் வாங்கிக்கொண்டு இறங்கினாள். நாங்கள் கேசரி சாப்பிடாமல் கிளம்பினோம். கூட்டத்தில் மாமனாரை அதன்பின் பார்க்கவில்லை.

வீட்டில் என் கணவர் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, நல்லா இருந்துச்சு என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தாள். இவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சொல்கிறேன் என்றேன்.

பத்திரங்கள் பீரோவில் இருந்தன. ஒரு வாரம் அவற்றை எடுத்து மேசைமேல் வைத்தேன், மறுபடி உள்ளே வைத்தேன். கொண்டுபோய்க் காட்டினால் ஒரே நாளில் எழுத்து மாறிவிடும். ஆனால் அவள் அதை அவர் வாயால் கேட்டுவிட்டாள். எந்தத் தாளைக் காட்டி அதை மாற்றுவது? அவளை உட்காரவைத்து நடந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஒன்பது நாள் கதையையும் மறைக்கவில்லை. சரிம்மா என்றாள். அப்பாவைப் பற்றி அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்டதில்லை.

அடுத்த மழைக்காலத்தில் மாமனார் தோட்டத்திலேயே விழுந்து இறந்துபோனார். செம்மநத்தம் பஸ் கண்டக்டர் என் தையல் கடைக்கு வந்து சொன்னார். இந்தத் தடவை நான் ஒரு நாளும் தள்ளவில்லை. மிஷினை மூடிவிட்டு வீட்டுக்கு ஓடி, கிளம்பு கண்ணு என்றேன்.

மகள் நகரவில்லை.

"நீ போயிட்டு வாம்மா. நான் அங்க வந்து யாருன்னு சொல்றது?"

நான் தனியாகப் போனேன். வாசலில் நின்ற பெண்கள் கொஞ்சம் ஒதுங்கி எனக்கு இடம் விட்டார்கள், ஆனால் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எடுக்கும் வரை நின்றிருந்துவிட்டு நாலு மணி பஸ்ஸில் திரும்பினேன்.