காதில் ஒரு பிழையும் இல்லை

என் கணவருக்கு முதலில் நொந்தது வலது காது. எச்சில் விழுங்கினால் சுரீர் என்று குத்துகிறது என்பார். குருக்கள்மடத்தில் எங்கள் வளவுக்குப் பின்னால் ஆறு. வாவியை நாங்கள் அப்படித்தான் சொல்வது. வலை சிக்கினால் மூழ்கி எடுக்கிறவர் அவர். அப்படிப்பட்டவருக்குக் காது நொந்தால் யார்தான் வேறு காரணம் தேடுவார்கள்?

"ஆத்துத் தண்ணி போய் நிண்டிருக்கு. கொஞ்ச நாளைக்குத் தண்ணிக்க இறங்காத தம்பி" என்றார் என் மச்சாள், அவருடைய அக்கா. வெற்றிலையை வாட்டிப் பிழிந்து காதில் விட்டார். நான் பஞ்சு வைத்துவிட்டேன்.

அவரும் தோணியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டோடு இருந்தார். பொழுது போக வேண்டுமே. வெற்றிலை, பாக்கு, புகையிலை என்று வாய் ஓயவில்லை. "குதப்பினா காதுக்குத்துக் கொஞ்சம் மறக்கும் புள்ள" என்பார்.

ஆள் மெலிந்த பிறகுதான் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"காதுல ஒரு பிழையும் இல்ல ஐயா."

எனக்குப் போன உயிர் வந்தது. பிறகு வாயைத் திறக்கச் சொன்னார். வெகுநேரம் பார்த்தார்.

அடிநாக்கின் ஓரத்தில் புண். பயொப்சி (புண்ணில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) புற்றுநோய் என்றது. நடுக்காதுக்கு (செவிப்பறைக்கு உள்ளே இருக்கும் சிறு அறை) உணர்வு கொடுப்பது நாத்தொண்டை நரம்பின் ஒரு கிளையாம். அடிநாக்குக்கும் தொண்டைக்கும் அதே நரம்புதான். அதனால் தொண்டையில் வருகிற நோவைக் காதில் வருவதாக மூளை பிழையாக விளங்கிக்கொள்ளுமாம்.

"அப்ப, ஆத்துத் தண்ணியால இல்லையா?" என்று கேட்டார் இவர்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல ஐயா."

இவர் என் பக்கம் திரும்பினார். "அப்ப நான் ஆத்துக்குப் போயிருக்கலாம் புள்ள."

கதிர்ச் சிகிச்சை (புற்றுநோய்க் கலங்களைக் கதிர் பாய்ச்சி அழிப்பது) தொடங்கியது. வாய் வெந்து கஞ்சியும் இறங்கவில்லை. மூக்கால் குழாய் போட்டார்கள். கழுத்துத் தோல் உரிந்திருந்தது. ஒருமுறை மூழ்கி வரட்டுமா என்று கையால் காட்டிக் கேட்டார். இப்போது உண்மையாகவே தண்ணீர் படக்கூடாது என்றார்கள். நான்தான் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. தோல் ஆறுவதற்குள் நோய் கழுத்துக்கு இறங்கிவிட்டது. ஆற்றில் இறங்காமலே அவர் போய்விட்டார்.

இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது காது நொந்து, காதில் ஒன்றும் இல்லையென்றால், தொண்டையையும் பார்க்கச் சொல்லுங்கள். காரணம் எப்போதும் இதுவாக இராது. ஆனாலும் பார்க்கச் சொல்லுங்கள்.

நோகிற இடத்தை நான் இப்போது நம்புவதில்லை. ஒரு நோவுக்கும் அடுத்த நோவுக்கும் இடையில்தான் என் நாட்கள் போகின்றன. போன கிழமை மகள் விழுந்து முழங்காலை உரசிக்கொண்டு வந்தாள். நான் டோர்ச்சை எடுத்து வந்து வாயைத் திறக்கச் சொன்னேன். திறந்தாள். நாக்கைத் தூக்கச் சொன்னேன். தூக்கினாள். பிறகு அழத் தொடங்கிவிட்டாள்.

"கால்தான் அம்மா நோகுது. என்ன நம்புங்க."