அழைக்காமல் வரும் நாள்

கிராடிமிர் நல்லவன். இதைச் சொன்னால் எங்கள் கட்டடத்தில் பாதிப் பேர் என்னை அடிக்க வருவார்கள், வரட்டும். குளிர்காலத்தில் கொதிகலன் நின்றுபோனால் நிலவறைக்கு இறங்கிச் சரிசெய்கிறவன் அவன் ஒருவன்தான். அவனைக் கெடுத்தது கீழ்த்தளத்தில் இருக்கிற பந்தயக் கடை. அங்கே அந்தச் சுழல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவனுக்குப் பெண்டாட்டியும் இல்லை, பசியும் இல்லை.

நான் ஸ்டாமென்கா, எதிர் வீட்டுக்காரி. முடி வெட்டுவது தொழில், வாய் கொஞ்சம் நீளம். "இப்படி விடிய விடிய உட்கார்ந்து எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போறே?" என்று ஒருநாள் படிக்கட்டிலேயே வைத்துக் கத்தினேன்.

"ஜெயிச்சாலும் எழுந்து வரமாட்டேன்கா. அது சுத்தும்போது மட்டும்தான் மண்டைக்குள்ள இருக்கிற இரைச்சல் நிக்குது" என்றான்.

நான் அதுவரைக்கும் பேராசை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் வியாதி என்று உறைத்தது. திட்டினால் காய்ச்சல் இறங்குமா?

அவன் மனைவி விதா பொறுத்தாள், பொறுத்தாள், அப்படிப் பொறுத்தாள். தன் தாய் போட்ட காதணியும் காணாமல் போன அன்று, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு உஷிட்சேயில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் அவன் கூப்பிட்டால் அவள் போனை எடுக்கவேயில்லை.

இலையுதிர் காலத்தில் அவனே மருத்துவமனைக்குப் போனான். யாரும் தள்ளவில்லை, தானாகப் போனான். சூதாட்டக்காரர்களுக்கு வியாழக்கிழமைதோறும் கூட்டம் நடத்துகிற டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாராம்: "வீட்டு ஆள் ஒருத்தர் கூட வரணும். உன் பக்கத்துல உட்காரணும், உன் சம்பளம் அவங்க கையில இருக்கணும். தனியா நின்னா உன்னால முடியாது." வீட்டில் யார் இருக்கிறார்கள்? சுவர்தான் இருந்தது.

ஆனால் டிசம்பரில் அவர்கள் குடும்பத்து ஸ்லாவா வந்தது, குலத்தைக் காக்கிற புனிதருக்கு எடுக்கிற திருநாள்; அவர்களுக்கு அது புனித நிக்கோலாவின் நாள். ஸ்லாவாவுக்கு எங்களில் யாரும் யாரையும் அழைப்பதில்லை. வீட்டுக்காரன் சமைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துக் காத்திருப்பான், வருகிறவர்கள் வருவார்கள். முகம் பார்க்காத பகையாளிகூட அன்றைக்கு வாசல் மிதிக்கலாம்.

"விதா வருவாக்கா. கூப்பிடாமலே வரக்கூடிய நாள் இது ஒண்ணுதான். வந்தா அவகிட்ட வியாழக்கிழமையைப் பத்திக் கேட்பேன்" என்றான் கிராடிமிர்.

அவன் கையில் காசு கொடுக்கக் கூடாதென்று கெண்டை மீனையும் பீன்ஸையும் நானே வாங்கி வந்தேன். இறைச்சி சேர்க்காத விரதநாள் சமையல், ஆனால் என்ன மணம்! சட்டை இஸ்திரி போட்டிருந்தான். ரொட்டியைத் தானே சுட்டிருந்தான். மெழுகுவர்த்தியையும் நானே வாங்கியிருக்க வேண்டும். அதற்குள் ரடிசாவ் வந்துவிட்டான்.

ரடிசாவ் அவனுக்குக் கும். கல்யாணத்தில் சாட்சியாக நின்றவன். எங்களுக்கு உடன்பிறந்தவனைவிட அது பெரிய உறவு. காலையிலேயே வந்து, "மெழுகுவர்த்தியும் நல்ல ஒயினும் வாங்கிக்கோடா" என்று அவன் பாக்கெட்டில் பணத்தைத் திணித்துவிட்டுப் போகிறான். படிக்கட்டில் பிடித்துக்கொண்டேன்.

"பூனைகிட்ட மீனைக் கொடுத்து வறுக்கச் சொல்றியா? உனக்கு அறிவிருக்கா?"

"கும் கேட்டு இல்லைன்னு சொன்னா கை அழுகிப் போகும் ஸ்டாமென்கா. அதுவும் ஸ்லாவா அன்னைக்கு!" என்று சிலுவை போட்டுக்கொண்டான். பாவத்துக்குப் பயந்தே அவன் கிராடிமிருக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தான்.

கிராடிமிர் மெழுகுவர்த்தி வாங்கப் போனான். நான் அவன் வீட்டிலேயே காத்திருந்தேன், மீன் சூப் ஆறியது. மதியமானதும் கதவு தட்டப்பட்டது. ஓடிப்போய்த் திறந்தேன்.

விதா. கையில் பெரிய பெட்டி.

"எங்கே அவன்?"

"மெழுகுவர்த்தி வாங்க..." என்றேன்.

மேஜையைப் பார்த்தாள். ரொட்டியைத் தொட்டுப் பார்த்தாள். "கூட்டத்தைப் பத்தி அண்ணன்கிட்ட சொல்லியிருக்கான். வியாழக்கிழமை அவன்கூடப் போகலாம்னுதான் துணிமணியோட வந்தேன். எனக்கும் ஓய்ஞ்சுபோச்சு ஸ்டாமென்கா. இதுதான் கடைசி" என்றாள்.

"உட்காரு கண்ணு, இதோ கூட்டிட்டு வரேன்!" என்று கீழே ஓடினேன்.

இஸ்திரி போட்ட சட்டையோடு இயந்திரத்தின் முன்னால் இருந்தான். "டேய்! விதா வந்திருக்காடா!"

அவன் தலை நிமிரவில்லை. "நிஜமாவா? உட்காரச் சொல்லுக்கா. விட்டதை மட்டும் பிடிச்சுட்டு வந்துடறேன். மெழுகுவர்த்திக் காசு இதுக்குள்ள போயிடுச்சு."

"அடப்பாவி, உன் வாழ்க்கை மாடியில உட்கார்ந்திருக்குடா!"

"கத்தாதே. இப்ப இது காசு கொடுக்கிற நேரம்."

தோளைப் பிடித்து இழுத்தேன். மலைபோல் அசையாமல் இருந்தான். திரும்பினால், என் பின்னாலேயே விதா நிற்கிறாள். பேசாதே என்று எனக்குச் சைகை காட்டினாள். கொஞ்ச நேரம் அவன் முதுகையே பார்த்தாள். "அக்கா, தள்ளி நில்லு. வெளிச்சத்தை மறைக்கிறே" என்றான் அவன், யாரென்று பார்க்காமலே.

அவள் மாடிக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பெட்டி படிக்கட்டில் இடித்துக்கொண்டே இறங்கி வந்த சத்தம் எனக்குக் கேட்டது, அவனுக்குக் கேட்கவில்லை.

ஜெயித்தான். அதுதான் கொடுமை. பணத்தோடும் மெழுகுவர்த்தியோடும் பல்லெல்லாம் தெரிய மாடியேறி வந்தான். "பிடிச்சிட்டேன்கா! விதா எங்கே?"

சொன்னேன். பெட்டியைச் சொன்னேன், வியாழக்கிழமையைச் சொன்னேன், தள்ளி நிற்கச் சொன்னது யாரை என்றும் சொன்னேன். எதையும் மறைக்க எனக்கு மனமில்லை. அவன் தரையில் உட்கார்ந்து வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதான். அப்புறம், "என்னை உள்ளே வச்சு வெளியே பூட்டிடுக்கா. இல்லைன்னா திரும்பக் கீழே போயிடுவேன்" என்றான். அவன் சாவியை வாங்கிக்கொண்டு பூட்டினேன். பணத்தை வாங்கிக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் கதவை இடித்தான். "திறக்கா! உஷிட்சே பஸ் இன்னும் கிளம்பியிருக்காது. ஓடினா விதாவைப் பிடிச்சுடலாம்!"

சாவியைப் பூட்டுக்குள் நுழைத்தேன். "இரு, கோட்டு போட்டுட்டு நானும் வரேன். சேர்ந்தே ஓடுவோம்."

கதவை இடிப்பது நின்றது.

"நீ எதுக்குக்கா? நான் தனியாவே போறேனே" என்றான்.

ஜெயித்த பணம் அவன் பாக்கெட்டிலேயே இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சாவியை உருவிக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். கெஞ்சினான், திட்டினான், என் செத்துப்போன புருஷனை வம்புக்கிழுத்தான். அப்புறம் ஓய்ந்து கதவில் சாய்ந்து உட்கார்ந்த சத்தம் கேட்டது.

"வியாழக்கிழமை நான் கூட வரேன்டா கிராடிமிர்" என்றேன்.

மூக்கை உறிஞ்சினான். "நீ வீட்டு ஆள் இல்லையேக்கா" என்றான்.

படியிலிருந்து எழுந்துபோய், இந்தப் பக்கம் அதே கதவில் நானும் சாய்ந்து உட்கார்ந்தேன்.